மரச்சாமான் வடிவமைக்கிறவர்களோடு உங்களுக்கு நடந்த சந்திப்பு, மனசை விட்டுப் போகாதது எது?

மேசைக்கால்:
ஒரு வடிவமைப்பாளரிடம் சாப்பாட்டு மேசை சொல்லியிருந்தேன். பிளைவுட் வேண்டாம், முழு மரம்தான் வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. இறக்கி வைத்ததும் குனிந்து அடிப்பக்கம் பார்த்தால், மேல்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கிற ஸ்க்ரூ எல்லாம் நீளமாக வெட்டிய துளைக்குள் நிற்கின்றன. இப்படி லொடலொடவென்று விட்டிருக்கிறீர்களே என்று கேட்டே விட்டேன். பதிலே இல்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து, மூலைக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஆரம்பித்துப் பலகையின் அடிப்பக்கம் வரை ஒரே கோடாக இழுத்தார். "காத்து காய்ஞ்சதும் பாருங்க" என்று கிளம்பிவிட்டார்.

பார்த்தேன். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. சட்டத்துப் பாதி அங்கேயே இருக்க, பலகைப் பாதி உள்பக்கம் நகர்ந்திருந்தது. மரம் அகலவாக்கில் விரியும் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாக அசையாது என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

கரண்டிப்பிடி:
சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். கோடு போட்டதுதான் சரி.

எங்களுக்குச் சமையலறை அலமாரி. வந்தவர் டேப்பை எடுக்கவே இல்லை. மேடையில் கிடந்த மரக்கரண்டியை எடுத்து நுனியைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. "சமைக்கிறவங்க இடது கையா?" என்றார். அம்மா இடது கைக்காரர்தான். அலமாரிக் கதவின் கீல் அந்த நிமிடமே எதிர்ப்பக்கம் போனது. போகும்போது, கரண்டியைக் கொஞ்ச நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார். அம்மா கொடுக்கவில்லை. எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வளைகொம்பு:
நீளத் துளைக்கே இவ்வளவு கோபமா? நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே ஒருவர் என் கண்ணெதிரே கழற்றினார். தோனெட் கம்பெனியின் 14ஆம் எண் நாற்காலி, 1859இல் வந்ததே, அந்த மாதிரி. எழுந்திருக்கச் சொன்னார், கவிழ்த்தார், ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மொத்தமே ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட். ஒரு பின்காலில் ஆரம்பிக்கிற கொம்பு மேலே போய் முதுகாக வளைந்து அடுத்த பின்காலாக இறங்குகிறது, நடுவில் ஒரு இணைப்பு கிடையாது. ஆவியில் வளைத்த பீச் மரம். கழற்றிய நிலையில் 36 நாற்காலியை ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் அடுக்கி அனுப்பினார்களாம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது, போய்விட்டார். நின்றுகொண்டே நான்தான் மாட்டி முடித்தேன்.

பழைய உளி:
என்னுடையது சின்னது. ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன், வடிவமைப்பாளர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குப்பைத்தொட்டிக்கு ஓடினார். உள்ளே கசக்கிப் போட்டிருந்த எண்ணெய்த் துணி தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அவ்வளவுதான்.

முழு மரச்சாமான் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டிப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். அப்புறம், எண்ணெயோ வார்னிஷோ, மேல்பக்கம் மட்டும் பூசாதீர்கள். அடிப்பக்கம் வெறும் மரமாக இருந்தால் இரண்டு முகமும் ஈரத்தை வேறு வேறு வேகத்தில் வாங்கும், பலகை குழிந்துவிடும். பூசிவிட்டால் மரம் அசையாது என்றும் நினைக்க வேண்டாம். பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மேசைக்கால் அவர்களே, அந்த ஸ்க்ரூவை யாராவது இறுக்கித் தருகிறேன் என்று வந்தால் விடாதீர்கள், பலகை நடுவில் வெடிக்கும். கரண்டிக்கு உப்புத்தாள் போட்டு...

மேசைக்கால்:
ஐயா, நான் எண்ணெய் பற்றிக் கேட்கவே இல்லையே. ஸ்க்ரூவை இறுக்கப் போவதாகவும் சொல்லவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பதுதான் என் கேள்வி.

கரண்டிப்பிடி:
கரண்டிக்கு உப்புத்தாளா? அம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை.