பி-ரோலுக்குத் தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சு)

ஆசிரியை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியில் இந்தப் பருவம் ஓர் இசை நாடகம் போடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, அந்த நாடகம் உருவாகும் கதையை ஆவணப்படமாக எடுக்கிறார்கள். பாத்திரத் தேர்வில் தொடங்கி மேடையேறும் நாள் வரைக்கும். அவர்களுக்காகச் சின்னதாக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நேர்காணல், ஒத்திகை, முக்காலி, படத்தொகுப்பு எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. பி-ரோல் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

படத்துறை பழக்கமில்லாதவர்களுக்கு: நாயகியாக நடிக்கும் பெண் தன் பயத்தைப் பற்றிப் பேசுகிறாள். குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையில் மட்டும் வேறு காட்சிகள் வருகின்றன. பியானோ மேல் விரல்கள், காலணி நாடாவை மூன்றாம் முறையாக இறுக்கும் கை, திரை ஓரத்தில் நின்று வரிகளை முணுமுணுக்கும் பையன். இப்படிப் பேச்சின் மேல் போடுவதற்கென்றே எடுத்துவைக்கும் காட்சிகள்தான் பி-ரோல்.

'துணைக்காட்சி' என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். "அப்போ இது முக்கியமில்லையா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, நேர்காணலாகவே எடுத்து வந்து நிற்கிறார்கள். சொல்லைப் படித்தவுடன் எதை எடுக்க வேண்டும் என்று புரிய வேண்டும். உதவுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'பி-ரோல்' என்றே போட்டுவிடுங்கள். படக்கருவியைத் தொட்டவர்கள் யாரும் வேறு எதுவும் சொல்வதில்லை. பிள்ளைகள் நாளைக்கு இணையத்தில் தேடப்போவதும் இதைத்தான். காப்பியைக் 'குளம்பி' ஆக்கினோமே, இன்னும் காப்பியைத்தானே குடிக்கிறோம்?

புலவர் எழுதியது:

அம்மா, இவர் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டுவிடாதீர்கள். 'பேருந்து' வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். இன்று யாராவது சிரிக்கிறார்களா?

கடன் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ, எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் அயலெழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்து முறைக்கு இணங்கி வர வேண்டும் என்பதும் அதே நூற்பாதான். ரகரம் மொழிக்கு முதலில் வராது. ஆகவே 'உரோல்'. முன்னால் 'பி' சேர்ந்தால் யகர உடம்படுமெய் வந்து 'பியுரோல்'. இருமல் மருந்தின் பெயர் மாதிரி இருக்கிறது என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் தமிழ்ச் சொல்லே வேண்டும் என்கிறேன். நேர்ப்பெயர்ப்பு போதுமென்றால் 'ஆ-சுருள்'.

தொகுப்பாளர் எழுதியது:

ஐயா, சுருளே இல்லையே! இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருப்பது நினைவக அட்டையை மட்டும்தான்.

சுருள் எப்படி உள்ளே வந்தது என்று சொல்லிவிடுகிறேன், சொல் தேடுவதற்கு உதவும். 16 மி.மீ. படச்சுருளில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகலானது. இரண்டு காட்சிகளை ஒட்டினால் ஒட்டு படத்துக்குள் புகுந்து திரையில் கோடாகத் தெரியும். 35 மி.மீ.யில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அதனால் 16-இல் காட்சிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு சுருள்களில் பிரித்து வைத்தார்கள். ஏ சுருளில் காட்சி இருக்கிற நீளத்துக்கு பி சுருளில் வெறும் கறுப்பு, பி-யில் காட்சி வந்தால் ஏ-யில் கறுப்பு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சுருளில் அச்செடுத்தால் ஒட்டு கறுப்புக்குள் மறைந்துவிடும். பிற்பாடு தொலைக்காட்சிச் செய்திக்காரர்கள் பேசுகிறவரை ஒரு சுருளிலும், மேலே போடும் காட்சிகளை இன்னொன்றிலும் வைத்து ஓட்டினார்கள். சுருள் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

ஆக, அன்றும் இன்றும் இதன் வேலை வெட்டை மறைப்பது. அந்தப் பெண் பத்து நிமிடம் பேசுவாள், படத்துக்கு வேண்டியது நாற்பது நொடி. நடுவில் வெட்டினால் தலை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் குதிக்கும். அந்த இடத்தில் விரல்களைக் காட்டினால் யாருக்கும் தெரியாது.

இசை நாடகத்தில் ஒரு பொறி உண்டு, கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். ஒவ்வோர் ஒத்திகையிலும் பாட்டின் வேகம் கொஞ்சம் மாறும். செவ்வாய்க்கிழமை எடுத்த வாயை வெள்ளிக்கிழமைப் பாட்டின் மேல் போட்டால் உதடு ஒட்டாது, பார்ப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பாடும் முகத்தை மட்டும் எடுத்துக் குவித்தால் தொகுப்பு மேசையில் அது எதற்கும் ஆகாது. முதுகு, கை, கால், இசைத்தாளைப் புரட்டும் விரல், பாடாமல் காத்திருப்பவர்கள், இவைதான் எங்கும் பொருந்தும். ஒவ்வொன்றையும் பத்து நொடியாவது அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் மூன்று நொடியில் நகர்ந்துவிடுவார்கள்.

புலவர் எழுதியது:

ஆகா, மறைப்பதா வேலை! அப்படியென்றால் நம்மிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை எப்படி இருக்க வேண்டும்? எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம். திரை மூன்று வகை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. மூன்றாவது, மேற்கட்டிலிருந்து இறங்கும் திரை. கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்று நன்னூல் சொல்லும் அதே 'கரந்த'. மேலிருந்து வந்து மூடுகிற காட்சிக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? படமோ நாடகத்தைப் பற்றியது, சொல்லோ நாடக மேடையிலிருந்து வருகிறது. கரப்புக்காட்சி!

இன்னொன்றும் தோன்றுகிறது. இவர் செய்வது படத்தொகுப்பு. தொகுத்தல் என்றால் சேர்த்தல் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். செய்யுள் விகாரத்தில் வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று வரும்போது தொகுத்தல் என்பது ஓர் எழுத்தை விட்டுவிடுதல். வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கிறது. ஆகவே தொகுப்பு என்ற சொல்லுக்குள்ளேயே மறைப்பு இருக்கிறது.

தொகுப்பாளர் எழுதியது:

இது பிடித்திருக்கிறது. நான் எடுத்துப்போடுவதைவிட விட்டுவிடுவதுதான் அதிகம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கரப்புக்காட்சி என்று கையேட்டில் போட்டால் மேடைக்கு அடியில் கரப்பான்பூச்சியைத் தேடிப் படம் பிடித்து வருவார்கள்.

ஒலிப்பதிவாளர் எழுதியது:

மறைப்பு, மூடல் எல்லாம் படத்தை மட்டும் பார்க்கிறவர்கள் பேச்சு. எடுக்கும்போது அந்தக் காட்சிக்கென்று ஓர் ஒலி இருக்கிறது. தையல் இயந்திரம், மேடைப் பலகையில் ஓடும் கால்கள், ஆர்கெஸ்ட்ரா சுருதி சேர்ப்பது. 'காட்சி' என்று முடியும் எந்தச் சொல்லை வைத்தாலும் பிள்ளைகள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு எடுப்பார்கள். நடக்கத்தான் போகிறது.

அப்புறம், மேடையேறும் நாளில் படக்கருவியின் ஒலியை நம்ப வேண்டாம். ஒலிக்கலவைப் பலகையிலிருந்து ஒரு தடத்தைத் தனிப் பதிவியில் வாங்கி, பாட்டு முழுக்க நிறுத்தாமல் ஓடவிடுங்கள். எல்லாக் கருவிகளிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே அளவு வைத்தால் பிறகு பொருத்துவது எளிது. சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

வேறொருவர் எழுதியது:

பி-ரோல் கிடக்கட்டும். 'ஆவணப்படம்' சரியா என்று யாராவது கேட்டீர்களா? ஆவணம் என்றால் பத்திரம். பெரியபுராணத்தில் சுந்தரரை ஆட்கொள்ள வந்தவர் நீட்டிய அடிமை ஓலைதான் ஆவணம். ஒத்திகையில் சிரிக்கிற பிள்ளைகளைக் காட்டுவதற்குப் பத்திரம் என்று பெயரா? 'விவரணப்படம்' என்றே எழுதி வந்தவர்கள் நாங்கள்.

புலவர் எழுதியது:

விவரணம் வடசொல். ஆவணம் சங்க காலத்தில் கடைத்தெருவையும் குறித்தது. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் 'இசை நாடகம்' என்று சேர்த்து எழுதினால் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழி வந்த மரபல்லவா நினைவுக்கு வரும்? இவர்கள் போடுவது...

மட்டுறுத்துநர் எழுதியது:

இரண்டுக்கும் தனி இழை திறந்துகொள்ளுங்கள். ஆசிரியைக்கு ஒரு குறிப்பு: நாடகம் வேறொருவர் எழுதியதாக இருந்தால், மேடையேற்ற வாங்கும் உரிமம் வேறு, அதைப் படம் பிடித்து வெளியிட வாங்கும் உரிமம் வேறு. பல இடங்களில் முதலாவது மட்டும்தான் கையில் இருக்கும். எடுத்து முடித்தபின் தெரிந்தால் பாட்டுப் பகுதி முழுவதும் போய்விடும். பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவதும் முதல் நாளே நடக்கட்டும்.

மொழியியல் மாணவி எழுதியது:

வணக்கம். 'ஊடுகாட்சி' எப்படி? தறியில் ஊடும் பாவும் என்கிறோம். நீளவாக்கில் முதலில் விரிப்பது பாவு, குறுக்கே ஓடி வருவது ஊடு. பேச்சுதான் பாவு. இந்தக் காட்சிகள் அதன் குறுக்கே வந்து போகின்றன. இரண்டும் இல்லாமல் துணி இல்லை, அதனால் 'துணை' என்ற தாழ்வும் போய்விடும். ஊடகம், ஊடுபயிர் என்று 'ஊடு' ஏற்கெனவே புழங்கும் சொல்தான். மறைப்பது என்று பெயர் வைத்தால் வெட்டை மூடும் துணுக்கை மட்டும் எடுப்பார்கள். நல்ல பி-ரோல் பேச்சில் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். "பயமே இல்லை" என்று அவள் சொல்லும்போது நாடாவை இறுக்கும் கை வர வேண்டும்.

புலவர் எழுதியது:

கருத்து அழகு, மகளே. புணர்ச்சி இடிக்கிறது.

'ஊடு' பெயர் என்றால் நெடில்தொடர்க் குற்றியலுகரம். 'நெடிலோடு உயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டறஒற்று இரட்டும் வேற்றுமை மிகவே.' காடு காட்டுப்பூ ஆகிறது, வீடு வீட்டுப்பாடம் ஆகிறது. இது 'ஊட்டுக்காட்சி' ஆகும். தாய் குழந்தைக்குச் சோறு ஊட்டும் படம் என்று நினைப்பார்கள். வினை என்றாலோ வினைத்தொகை: ஊடிய காட்சி, ஊடுகின்ற காட்சி, ஊடும் காட்சி. 'ஊடுதல் காமத்திற்கு இன்பம்' என்று வள்ளுவர் நூலை முடிக்கிறாரே, அந்த ஊடல். ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

மொழியியல் மாணவி எழுதியது:

'மிகவே' என்றுதானே ஐயா நூற்பா சொல்கிறது, 'எங்கும்' என்று இல்லையே? ஊடுபயிரை யாரும் ஊட்டுப்பயிர் என்பதில்லை. பயிர்கள் பிணங்கிக்கொண்டு நிற்பதாகவும் யாரும் நினைப்பதில்லை. 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே' என்பதும் நன்னூல்தான்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஊடு பி-ரோல் என்றால் ஏ-ரோல் 'பாவுக்காட்சி'யா? ஓர் எழுத்து தவறினால் பாவக்காட்சி. நேர்காணலில் உட்காருகிற தலைமையாசிரியரிடம் யார் விளக்குவது?

தொகுப்பாளர் எழுதியது:

ஏ-ரோலுக்கு நேர்காணல் போதும், விடுங்கள். ஊடுகாட்சி எனக்குச் சரி. படப்பிடிப்பில் என் வாயில் பி-ரோல்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் 'ஊடுகாட்சி' என்று கரும்பலகையில் எழுதி, வேறு எதுவும் சொல்லாமல் விட்டேன். "எதுக்கு ஊடே மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். "பேச்சுக்கு ஊடே" என்றேன். "அப்போ யார் என்ன பேசப்போறாங்கன்னு தெரிஞ்சாத்தானே எதை எடுக்கணும்னு தெரியும்?" என்றாள். அதன் பிறகு நேர்காணல் கேள்விகளை ஒரு பக்கமும் எடுக்க வேண்டிய காட்சிகளை எதிர்ப்பக்கமும் எழுதிப் பட்டியல் போட்டுவிட்டார்கள். கையேட்டில் 'ஊடுகாட்சி' என்று வைக்கிறேன். முதல் தடவை வரும் இடத்தில், படப்பிடிப்பில் இதைப் பி-ரோல் என்பார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "அந்தக் காட்சியின் ஒலியையும் சேர்த்துப் பதிவுசெய்க" என்பது தடித்த எழுத்தில்.

மட்டுறுத்துநர் எழுதியது:

பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். களைப்பில் ஒப்புக்கொண்டவர்களையும் சேர்த்துத்தான்.

புலவர் எழுதியது:

என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். கையேட்டின் பின்பக்கத்தில் கலைச்சொல் பட்டியல் போடுவதாக இருந்தால் 'கரப்புக்காட்சி'யை மாற்றுச்சொல்லாகவாவது சேர்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பட்டியல் உண்டா? அப்படியென்றால் பகர வரிசையில் பி-ரோலும் இருக்கட்டும்.

புலவர் எழுதியது:

பியுரோல்.