ஆனமடோபியாவுக்கு ‘ஒலிச்சாயல்’: ஒரு முன்மொழிவு

> இதற்குத்தான் நம்மிடம் இரட்டைக்கிளவி இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா.

ஓசையைப் போலவே ஒலிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் ஆனமடோபியா (onomatopoeia) என்கிறார்கள். அதற்கு இரட்டைக்கிளவி என்ற பெயரே போதும் என்று நானும் முதலில் நினைத்தேன். சலசல, சடசட, கலகல என்று அடுக்கிப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. ஆனால் இன்று காலை காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தேன். ‘சொய்’ என்றது, ஒரே முறைதான். தேங்காய் பொத்தென்று விழுகிறது, கன்னத்தில் பளாரென்று அறை விழுகிறது. எல்லாம் ஓசையைச் சொல்லில் பிடித்தவை, எதுவும் இரட்டிக்கவில்லை. மறுபக்கம் மினுமினு, வெடவெட, கமகம இவை இரட்டைக்கிளவிகள். கமகமக்கும் சாம்பாரில் காதுக்கு என்ன கேட்கிறது? ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்று தொல்காப்பியர் சொன்னது சொல்லின் வடிவத்தை.

ஆனமடோபியாவுக்கு ‘ஒலிக்குறிப்பு’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது, சரி. எனக்கு உறுத்துவது அதிலுள்ள ‘குறிப்பு’. ‘என’ என்னும் இடைச்சொல் எந்தெந்தப் பொருளில் வரும் என்று சொல்கையில் தொல்காப்பியம் குறிப்பு, இசை, பண்பு ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துகிறது. இசைக்கு உரைகாரர்கள் காட்டுவது ‘ஒல்லென ஒலித்தது’. குறளில் வரும் ‘பொள்ளென’ குறிப்பு. அந்தச் சட்டென்ற வேகத்தை மனம் உணர்கிறது, ஓசை ஏதும் இல்லை. இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒரே சொல்லில் ஒட்ட வேண்டும்? ஜப்பானிய மொழியிலும் ஓசையைச் சொல்வது கியோங்கோ, நிலையையும் அசைவையும் காட்டுவது கிதைகோ என்று இரண்டு பெயர்கள் உண்டு.

அதனால் ஓசையைப் போன்றே அமைந்த சொல்லுக்கு ‘ஒலிச்சாயல்’, மினுமினு, வெடவெட வகைக்குக் ‘குறிப்புச்சாயல்’ என்று வைக்கலாம். ‘இசைச்சாயல்’ மரபுக்கு இன்னும் நெருக்கம்தான், ஆனால் இசை என்றதும் இன்று கச்சேரிதான் நினைவுக்கு வருகிறது. ‘ஒலிப்போலி’யையும் யோசித்தேன். நிலம், நிலன் என்று எழுத்து மாறி வருவதற்குப் போலி என்ற பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

அப்புறம், ஆனமடோபியாவின் கிரேக்க மூலத்துக்குப் பெயர் ஆக்குதல் என்று பொருள். கிலுகிலுப்பை, குடுகுடுப்பை இரண்டும் அப்படிப் பிறந்த பெயர்களே. அவற்றை ‘ஒலிச்சாயற் பெயர்’ எனலாம். ‘சலசலத்தது’ போன்றவை ‘ஒலிச்சாயல் வினை’.

ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதுவதாக வைத்துப் பாருங்கள்: ‘இவ்வரியில் ஒலிச்சாயல் அமைந்துள்ளது.’ எனக்கு நெருடவில்லை. உங்களுக்கு எப்படிப் படுகிறது?