ஹத்தாத்: பிள்ளை பெற்றவளுக்கு எதற்குப் 'பாவநிவாரணம்'?

திங்கள் காலை, பாளையங்கோட்டை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். முதுகலைச் சமய ஒப்பியல் வகுப்புக்கு லேவியராகமம் (பைபிளில் பலி, தீட்டு விதிகளைச் சொல்லும் நூல்) பற்றிய பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

12ஆம் அதிகாரத்தில் ஆண்பிள்ளை பெற்றவளுக்கு 7 நாள் தீட்டு, மேலும் 33 நாள் காத்திருப்பு. பெண்பிள்ளை என்றால் 14, 66. நாள் நிறைந்ததும் ஒரு வயது ஆட்டுக்குட்டியை எரிபலியாகவும், ஒரு புறாக்குஞ்சையோ காட்டுப்புறாவையோ 'ஹத்தாத்' ஆகவும் கொண்டுவரவேண்டும். இந்த எபிரேயச் சொல் பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'பாவநிவாரண பலி', பொது மொழிபெயர்ப்பில் 'பாவம் போக்கும் பலி'. போன வாரம் இதை வாசித்தபோது, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வரும் மாணவி எழுந்து, "பிள்ளை பெற்றதில் என்ன பாவம் அம்மா?" என்று கேட்டார். அந்த அதிகாரம் அவள்மீது எந்தக் குற்றமும் சொல்லவில்லை என்றேன். "பிறகு ஏன் அப்படி எழுதியிருக்கிறது?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

லேவியராகம ஆய்வாளர் ஜேக்கப் மில்குரோம் 1971இல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பெயரை 'பாவம்' என்ற பொருளில் எடுக்கக்கூடாது, 'ஹித்தே' (தூய்மையாக்கு) என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம். கடவுளுக்கென விரதம் பூண்டு அதைச் சரியாக முடித்த நசரேயனும் ஹத்தாத் கொண்டுவருகிறான். புதிய பலிபீடத்துக்கே ஹத்தாத் உண்டு. பீடம் என்ன பாவம் செய்யும்? நல்ல தமிழ்ச் சொல் ஒன்று தாருங்கள்.

திங்கள் இரவு, தஞ்சாவூர்

அம்மா, சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. 'கழுவாய்'. புறநானூறு 34: "வழுவாய் மருங்கிற் கழுவாயும் உள". கழுவு என்னும் வினையடி கண்முன் தெரிகிறது. எபிரேயத்தின் தூய்மையாக்கும் பொருளும் அதில் அடங்கிவிடும். 'கழுவாய்ப் பலி' என்று எழுதுங்கள்.

தீட்டு என்பதற்கும் பழஞ்சொல் உண்டு, 'வாலாமை'. வால் என்றால் வெண்மை, தூய்மை. வள்ளுவர் இறைவனை 'வாலறிவன்' என்றது இந்த வாலால்தான். வாலாமை அதன் எதிர்மறை. பிள்ளைப்பேற்றையும் மாதவிலக்கையும் ஒட்டிய தீட்டுக்கு அகராதியிலேயே இச்சொல் இருக்கிறது. வடசொல்லை நாடவேண்டிய தேவையே இல்லை.

செவ்வாய், யாழ்ப்பாணம்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் காட்டிய அடியே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஆன்முலை அறுத்தவர், கருச்சிதைத்தவர் போன்றவர்களுக்குத்தான் அங்கே கழுவாய். வழு இருந்தால்தான் கழுவாய் வரும். பிள்ளை பெற்றவளை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த மாணவியின் கேள்வி அப்படியே நிற்கும்.

எங்கள் பக்கம் இதற்கு 'துடக்கு' என்போம். செத்தவீட்டுக்கும் துடக்கு, பிள்ளை பிறந்த வீட்டுக்கும் துடக்கு. 31ஆம் நாள் கழியும். பிள்ளை பெற்றவளைப் பாவி என்று யாரும் நினைப்பதில்லை. தொடு, தொடக்கு, துடக்கு என்று வருகிற சொல், ஒட்டுவதைக் குறிக்கிறது. 15ஆம் அதிகாரம் முழுவதும் படுக்கை, இருக்கை, பாத்திரம் என்று ஒட்டிக்கொண்டு போவதைத்தானே சொல்கிறது? 'துடக்குக்கழிப்புப் பலி' என்பது என் முன்மொழிவு.

இன்னொன்று. ஹத்தாத்தின் இரத்தம் தாயின்மேல் படுவதேயில்லை, பீடத்தில்தான் படுகிறது. (குஷ்டரோகியின் காதிலும் பெருவிரல்களிலும் பூசுவது 'ஆஷாம்' என்னும் குற்றநிவாரண பலியின் இரத்தம், அது வேறு பலி.) மக்களின் தீட்டு தொலைவிலிருந்தே திருவிடத்தில் போய்ப் படிகிறது, அதைத் துடைக்கத்தான் இரத்தம் என்கிறார் மில்குரோம். 15:31இல் 'என் வாசஸ்தலத்தைத் தீட்டுப்படுத்தாதபடிக்கு' என்ற கருத்து வருவதையும் பாருங்கள்.

செவ்வாய் மாலை, சென்னை

தோழர்களே, தீட்டு, துடக்கு என்ற சொற்களை இவ்வளவு எளிதாகக் கையாள என்னால் முடியவில்லை. என் பாட்டி தன் ஊரில் நான்கு தெருக்களுக்குள் செருப்போடு நடந்ததில்லை. எங்களுக்குத் தீட்டு என்பது குளித்தால் போகிற ஒன்றாக இருந்ததில்லை.

லேவியராகமத்தில் அது நாளோடு கட்டப்பட்டது. சாயங்காலம் வரை, 7 நாள் வரை. பிறகு தீர்ந்தது. பிணத்தைத் தொட்டவர் யாராயிருந்தாலும் 7 நாள். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் நீர் தெளித்தால் தூயவர். ஆசாரியனான ஆரோனின் மகனுக்கும் பிணத்தால் தீட்டு வரும். நெருங்கிய இரத்த உறவுக்காக மட்டும் அதை ஏற்றுக்கொள்ள அவனுக்கு அனுமதி. இது பிறப்பால் ஒருவர்மேல் வந்து உட்கார்வதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'தீட்டு' என்று மட்டும் எழுதினால், எங்கள் பிள்ளைகள் அந்த வகுப்பில் வேறொன்றைத்தான் படிப்பார்கள்.

புதன், யாழ்ப்பாணம்

சென்னைத் தோழருக்கு: உண்மை. எங்கள் ஊரிலும் துடக்கு என்ற சொல்லைச் சாதியோடு சேர்த்துச் சொன்னவர்கள் உண்டு. அதை நான் முதல் மடலிலேயே எழுதியிருக்கவேண்டும்.

புதன், காயல்பட்டினம்

எல்லாரும் ஹத்தாத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 'பலி' சரிதானா? லேவியராகமத்தின் பொதுச்சொல் 'கொர்பான்', நெருங்கு என்ற வேரிலிருந்து வருவது. ஹஜ்ஜுப் பெருநாளில் நாங்கள் கொடுக்கும் 'குர்பானி'யும் அதே வேர்தான். பெரியவரைக் காணப் போகும்போது கையில் கொண்டுபோவது 'காணிக்கை'. கொர்பானுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புதன் இரவு, தஞ்சாவூர்

காயல் அன்பருக்கு: பலி என்றால் உயிர்க்கொலை என்ற எண்ணம் பிற்காலத்தது. முருகாற்றுப்படையில் குருதி விரவிய வெள்ளரிசியே 'சில்பலி'. ஞானசம்பந்தர் தம் முதற்பதிகத்தில் "பலி தேர்ந்து" என்றபோது பலி பிச்சை. லேவியராகமத்திலும் புறாவுக்கு வழியில்லாத ஏழை, எண்ணெயும் சாம்பிராணியும் சேர்க்காத பத்தில் ஒரு பங்கு எப்பா (பழைய முகத்தலளவு) மாவையே ஹத்தாத்தாகக் கொண்டுவரலாம் (5:11). இரத்தமே இல்லாத ஹத்தாத்! 'பலி' இரண்டையும் தாங்கும். காணிக்கை என்றால் உண்டியல்தான் நினைவுக்கு வரும். கழுவாயை நான் இன்னும் விடவில்லை.

வியாழன், சிங்கப்பூர்

ஐயா, அம்மா, நான் குழுவுக்குப் புதியவன். எபிரேயத்தில் ஒரே வேர் பாவத்தையும் அதை நீக்குவதையும் குறிப்பது விந்தை என்கிறோம். தமிழில் 'களை' இருக்கிறதே. பெயரானால் பயிரிடையே முளைத்தது, வினையானால் அதைப் பிடுங்கி எறிவது. 'ஹெத்' (பாவம்), 'ஹித்தே' இரண்டும் இப்படியே நிற்கின்றன. பொது மொழிபெயர்ப்பின் 'எரிபலி' வினைத்தொகை. அதே வார்ப்பில் 'களைபலி' என்றால் என்ன? எதைக் களைகிறது என்று சொல்லாததால் தாய்க்கும் நசரேயனுக்கும் பீடத்துக்கும் பொருந்தும்.

வியாழன் மதியம், தஞ்சாவூர்

தம்பி, இலக்கணம் பழுதில்லை. ஆனால் முகக்களையும் களைதான். மாணவர்கள் தடுமாறுவார்கள்.

வியாழன் மாலை, சென்னை

களைபலிக்கு என் ஆதரவு. அதில் தீட்டும் இல்லை, பாவமும் இல்லை.

வெள்ளி காலை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் 'தூய்மைப் பலி' என்ற எளிய சொல்லுக்கு நால்வர், களைபலிக்கு இருவர், கழுவாய்க்குப் புலவர் ஐயா, துடக்குக்கழிப்புக்கு யாழ்ப்பாணத்து அண்ணா. களைபலி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் தேர்வுத்தாளில் அதை முதன்முறை பார்க்கும் பிள்ளையை நினைத்துத் தயங்குகிறேன். பாடத்தில் 'தூய்மைப் பலி' என்றும், முதல் இடத்தில் மட்டும் கூடவே 'பாவநிவாரண பலி' என்றும் போடுகிறேன். சர்ச்சில் அவர்கள் கேட்டு வளர்ந்தது அதுதான். 'தீட்டு' இருக்கும். அது நாளோடு போவது, பிறப்போடு வருவதன்று என்ற பத்தியைச் சென்னைத் தோழரே எழுதித் தந்தார். அடிக்குறிப்பாகப் போடாமல் முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

வெள்ளி மதியம், யாழ்ப்பாணம்

தங்கச்சி, அனுப்பிவிட்டீர்களோ தெரியவில்லை. எண்ணாகமம் 19இல் சிவப்புக் கிடாரியையும் ஹத்தாத் என்றே சொல்கிறது. அதன் சாம்பல் கலந்த நீர் பட்டால் பிணத்தீட்டுக்காரன் தூயவன் ஆகிறான். அந்தக் கிடாரியை எரித்தவனோ மாலைவரை தீட்டுக்காரன். அந்த இடத்திலும் 'தூய்மைப் பலி' என்றுதான் போடுவீர்களா?