எஃப்12 தட்டினால் சத்தம் ஏறுகிறது: லினக்ஸில் அடம்பிடிக்கும் எஃப் விசைகள்

டெபியன் என்ற லினக்ஸ் வகை போட்ட மேசைக் கணினி. புது மெக்கானிக்கல் கீபோர்டைச் செருகிய நாளிலிருந்து எஃப் வரிசை சொன்ன பேச்சு கேட்கவில்லை. கோப்பின் பெயரை மாற்ற எஃப்2 தட்டினால் வெளிச்சம் கூட்டும் கட்டளை போகிறது. பிரவுசரில் எஃப்12 தட்டினால் ஸ்பீக்கர் சத்தம் ஏறுகிறது. கீபோர்டின் விளிம்பில் மேக், விண்டோஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் இதே கதைதான்.

செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை ஓட்டிப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. அந்தக் கீபோர்டு தன் அடையாள எண்ணை 05ஏசி என்று சொல்லிக்கொள்கிறது. அது ஆப்பிளுக்குரிய எண். செய்தவர் யாரோ, வேஷம் மட்டும் ஆப்பிள் வேஷம். லினக்ஸின் மையமான கெர்னல் பாவம், அதை அப்படியே நம்பி, ஆப்பிள் கீபோர்டுகளைக் கவனிக்கும் ஹெச்ஐடி_ஆப்பிள் டிரைவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆப்பிள் கீபோர்டில் வெளிச்சம், சத்தம் போன்ற மீடியா விசைதான் முதலில், எஃப் வேண்டுமென்றால் எஃப்என்னைச் சேர்த்து அழுத்த வேண்டும். டிரைவரும் அந்த வழக்கப்படியே நடந்துகொள்கிறது.

இதை மாற்ற டிரைவரில் எஃப்என்மோடு என்று ஒரு பாராமீட்டர் (அமைப்பு மதிப்பு) உண்டு. 0 என்றால் எஃப்என் விசைக்கு வேலை கிடையாது. 1 என்றால் மீடியா முதலில். 2 என்றால் எஃப் முதலில். சிஸ் அடைவுக்குள் ஹெச்ஐடி_ஆப்பிள் மாட்யூலின் பாராமீட்டர்கள் இருக்கும் இடத்தில் எஃப்என்மோடு கோப்பில் நிர்வாகியான ரூட்டாக 2 என்று எழுதினேன், ரீபூட் கூட வேண்டியிருக்கவில்லை, அந்த நொடியே சரியானது.

ஆனால் அது அடுத்த ரீபூட் வரைதான் நிற்கும். நிலையாக இருக்க, டிரைவர்களின் அமைப்புகள் இருக்கும் மோட்புரோப்.டி அடைவில் ஒரு கான்ஃப் கோப்பு வைத்து, "ஆப்ஷன்ஸ் ஹெச்ஐடி_ஆப்பிள் எஃப்என்மோடு=2" என்று எழுத வேண்டும். அதோடு நிறுத்தினால் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிட வாய்ப்புண்டு. கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலேயே டிரைவர் ஏறிவிட்டால் உங்கள் கோப்பைப் பார்க்காது. டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் டிராகட் ஓட்டி அதைப் புதுப்பித்துவிடுங்கள். புதிய கெர்னல்களில் 3 என்று ஒரு தானியங்கி நிலையும் வந்திருக்கிறது. இந்த வேஷக்காரர்களைச் சாதனத்தின் பெயரை வைத்து அடையாளம் காணப் பார்க்கும். என் கீபோர்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை போல.

* * *

நல்ல பகிர்வு. எனக்கு வேறு மாதிரி. லேப்டாப்பில் மைக் மியூட் விசை. கெர்னலுக்கு வரும் விசைகளைக் காட்டும் எவ்டெஸ்ட்டில் பார்த்தால் கேஇஒய்_மைக்மியூட் என்று அழகாக வருகிறது. எக்ஸ்11 என்ற திரை அமைப்புக்கு வரும் விசைகளைக் காட்டும் எக்ஸ்இவியில் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. ஒரே விசை, ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது, இன்னொரு இடத்தில் ஆளே இல்லை.

காரணம் வெறும் கூட்டல் கணக்கு. கெர்னலில் மைக்மியூட்டின் எண் 248. எக்ஸ்11 எல்லா விசை எண்ணோடும் 8 கூட்டிக்கொள்ளும். 256 ஆகிறது. எக்ஸ்11-இன் உச்சவரம்பு 255. ஒரே ஒரு எண்ணில் விசை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. அதன் புதிய மாற்றான வேலாண்டில் இந்த 255 கட்டுப்பாடு இல்லை, ஆனால் நான் வேலை பார்க்கும் மென்பொருளுக்காக எக்ஸ்11-ஐ விட முடியாத நிலை.

தீர்வு, சாதனங்களை நிர்வகிக்கும் யுடெவின் ஹெச்டபிள்யூடிபி என்ற சாதனத் தகவல் தொகுப்பு. எவ்டெஸ்ட்டில் எம்எஸ்சி_ஸ்கேன் என்ற வரியில் வரும், கீபோர்டு அனுப்பும் மூல எண்ணான ஸ்கேன்கோடைக் குறித்துக்கொண்டு, அதை எஃப்20 ஆக மாற்றச் சொன்னேன். எஃப்20-ஐ மைக் மியூட்டாகப் புரிந்துகொள்ளும் ஏற்பாடு, விசைத் தளவமைப்பைக் கவனிக்கும் எக்ஸ்கேபி பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சிஸ்டம்டியோடு வரும் 60-கீபோர்டு கோப்பைத் திறந்து பாருங்கள், ஏகப்பட்ட லேப்டாப்களுக்கு இதே எஃப்20 வித்தைதான். எல்லா எஃப் விசையும் கீபோர்டில் அச்சடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன!

கவனிக்க: ஹெச்டபிள்யூடிபி கோப்பில் சாதனத்தைக் குறிக்கும் வரி இடப்பக்கம் ஒட்டி இருக்க வேண்டும், அதற்குக் கீழே விசையை மாற்றும் வரி ஒரு ஸ்பேஸ் விட்டுத் தொடங்க வேண்டும். பிறகு சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், யுடெவ்அட்ம் டிரிகர் என்ற இரு கட்டளைகளையும் ஓட்டுங்கள்.

* * *

இவ்வளவு ஆழம் போகாதவர்களுக்கு என் கதை. எஸ்கேப்புக்குப் போகும் விரல் பக்கத்து எஃப்1-இல் விழுந்து, உதவிச் சாளரம் திறந்து திறந்து உயிரை வாங்கியது. எக்ஸ்11-இல் எஃப்1-இன் எண் 67. விசைகளை மாற்றும் எக்ஸ்மோட்மேப் கட்டளையில் 67-ஐ எஸ்கேப் ஆக்கினேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் நான் ஆங்கிலத்துக்கும் தமிழ்99-க்கும் மாறி மாறி அடிப்பவன். தளவமைப்பு மாறும்போது எக்ஸ்கேபி மேப்பை முழுதாக ஏற்றுகிறது, என் திருத்தம் காற்றோடு போய்விடுகிறது. யுஎஸ்பியைக் கழற்றி மாட்டினாலும் அதே கதி. அப்புறம் வேலாண்டுக்கு மாறினேன், அங்கே எக்ஸ்மோட்மேப் சொல்வதை யாரும் கேட்பதே இல்லை.

இப்போது கீடி என்ற நிரல். இது டெஸ்க்டாப்புக்குக் கீழே, கெர்னலின் இன்புட் அடுக்கிலேயே விசையைப் பிடித்து மாற்றி அனுப்புகிறது. அதனால் எக்ஸ்11, வேலாண்ட், வெறும் கன்சோல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். எட்சி அடைவில் கீடிக்குள் டிஃபால்ட்.கான்ஃப். அதில் ஐடிஸ் பகுதியில் ஒரு நட்சத்திரக் குறி (எல்லாக் கீபோர்டுக்கும் என்று பொருள்), மெயின் பகுதியில் "எஃப்1 = எஸ்க்". அவ்வளவுதான். தமிழ்99-இல் இருந்தாலும் எஃப்1 இனி எஸ்கேப்தான்.

* * *

எனக்கு ஒரு சந்தேகம். எஃப்என் விசையையே கன்ட்ரோல் ஆக்க முடியுமா? லேப்டாப்பில் இடது மூலையில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. எவ்டெஸ்ட்டில் அழுத்தினால் ஒரு வரி கூட வரவில்லை.

* * *

வரவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது நண்பரே. பல லேப்டாப்களில் எஃப்என்னை உள்ளே இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சில்லே விழுங்கிவிடும், கெர்னலுக்குத் தகவலே போகாது. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், சில மாடல்களில் எஃப்என்னையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றும் அமைப்பு இருக்கும். எஃப் வரிசை முதலில் வருவதற்கான அமைப்பும் பெரும்பாலும் அங்கேதான். சிலவற்றில் எஃப்என்னோடு எஸ்கேப்பை அழுத்தினாலே எஃப்என் லாக் மாறிவிடும், முதலில் அதை முயன்று பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. எவ்டெஸ்ட்டில் விசையின் பெயர் வராது, ஆனால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜில் "தெரியாத விசை அழுத்தப்பட்டது" என்ற பொருளில் கீபோர்டு டிரைவரான ஏடிகேபிடி ஒரு வரி எழுதி வைத்திருக்கும், விசைக்கு எண் ஒதுக்கும் செட்கீகோட்ஸ் கட்டளையைப் பயன்படுத்து என்று யோசனையும் சொல்லும். அப்படி வந்தால் அதிர்ஷ்டம். ஸ்கேன்கோடு கைக்கு வந்துவிட்டது, மேலே ஹெச்டபிள்யூடிபி பற்றி எழுதியவரின் வழியில் போகலாம்.

கீடி பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒன்று. கான்ஃப் கோப்பில் ஏதாவது ஏடாகூடமாகி கீபோர்டே கைவிட்டுவிட்டால், பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கீடி தானாக நின்று, கீபோர்டு பழையபடி திரும்பிவிடும்.