எக்ஸாஸ்ட் ஸ்டட் ஹெட்டோடு மட்டமாக உடைந்துவிட்டது (1998 மாருதி 800), வழி சொல்லுங்கள்

உப்புக்காத்து

வணக்கம். அப்பாவின் வண்டி, 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். கொட்டிவாக்கத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஷெட் கிடையாது, வாங்கிய நாளிலிருந்து வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம், வண்டி சூடானதும் நின்றுவிடும். வால்வை இயக்கும் டேப்பெட் என்று நினைத்து இரண்டு தடவை கிளியரன்ஸ் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டில் உட்காரும் இடத்தில் கரி படிந்திருப்பதைக் கவனித்தேன், குளிர்ந்த எஞ்சினில் கையைக் கிட்டே கொண்டுபோனால் காற்று அடிக்கிறது. கேஸ்கெட்தானே, நானே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் இரண்டு நட்டு ஒழுங்காக வந்தது. மூன்றாவது ஒரு தடவை கிரீச் என்றது, பிறகு வெண்ணெய் மாதிரி சுற்றியது. சரி, கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு சுற்று சுற்றினால் நட்டோடு ஸ்டட்டின் (ஹெட்டில் திருகி நிற்கும் தலையில்லாத போல்ட்) நுனியும் கையில் வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஹெட்டுக்கு வெளியே ஒன்றுமே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இன்னும் இரண்டு நட்டு அசையவே இல்லை, அதில் ஒன்றின் முனையெல்லாம் துரு தின்று உருண்டையாகிவிட்டது.

அடுத்த மாதம் ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். ஹெட்டைக் கழற்றாமல் ஏதாவது வழி இருக்கிறதா?

ஜிபி ரோடு பழைய கை

தம்பி, முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இன்றைக்கு வேலை முடிந்தது.

வெண்ணெய் மாதிரி சுற்றியது என்றீர்களே, அது மரை விட்டதில்லை, ஸ்டட் முறுகியது. கிரீச் சத்தத்துக்கு அப்புறம் லேசாகத் திரும்பினால் உடனே நிறுத்தி, இறுக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பி, மறுபடி எண்ணெய் விட வேண்டும். போகட்டும், எல்லோரும் ஒரு ஸ்டட்டை இப்படித்தான் விட்டிருப்போம்.

மீதி இரண்டைத் தொடாதீர்கள். தினமும் சாயங்காலம் அந்த இரண்டுக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, ஸ்டட் நுனியில் சின்ன சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுங்கள். ஆறு நாள். டபிள்யூடி-40 மட்டும் இருந்தால் பரவாயில்லை, ஆனால் அது முதலில் ஈரத்தை விரட்டத்தான் 1953-இல் செய்தார்கள், பெயரிலேயே அதுதான் இருக்கிறது. துருவுக்குள் இறங்கத் தனியாக விற்கிற ஆயில் இன்னும் நன்றாக வேலை செய்யும். கிடைக்காவிட்டால் ஆட்டோமேடிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற ஏடிஎஃப் பாதி, அசிட்டோன் பாதி, பயன்படுத்துவதற்கு முன் குலுக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பீடு

எதுக்கு ப்ரோ ஆறு நாள்? லிங்கிச் செட்டித் தெருவில் ஈஸி அவுட் செட் கிடைக்கும், உடைந்த ஸ்டட் நடுவில் ஒரு ஓட்டை போட்டு, ஈஸி அவுட்டை விட்டு இடப்பக்கம் திருப்புங்க, வந்துடும். பத்து நிமிஷ வேலை.

அம்பி ஓட்டுநர்

பெயரில்தான் ஈஸி, சார். என் கதையைக் கேளுங்கள்.

என்னுடையது பழைய அம்பாசடர். தெர்மோஸ்டாட் மூடியைப் பிடிக்கிற ஸ்டட் ஹெட்டில் உடைந்தது, அந்த எஞ்சினில் இது வழக்கமான வியாதி. ஓட்டை போட்டேன், நடுவில் விழவில்லை, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அப்படியே ஈஸி அவுட்டை அடித்து இறக்கித் திருப்பினேன். டக். உள்ளே உடைந்து நின்றுவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஸ்பேனர் போட்டே முறுகி உடைந்த ஸ்டட், அதில் பாதி கனமுள்ள ஒரு குச்சியால் திருப்பினால் வருமா? தவிர, ஈஸி அவுட் அவ்வளவு கடினமான இரும்பு, சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போகும். கடைசியில் ஹெட்டைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய், ஸ்பார்க் எரோஷனில், அதாவது மின்பொறியால், எரித்து எடுத்தார்கள். பத்து நிமிஷ வேலைக்கு பதினொரு நாள்.

லேசாக மாட்டிய ஸ்டட்டுக்கு ஈஸி அவுட் சரி. துருவில் இறுகியதற்கு வேண்டாம்.

உப்புக்காத்து

நல்லவேளை சொன்னீர்கள், டிரில்லை நேற்றே சார்ஜ் போட்டுத் தயாராக வைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம். சூடாக்கிக் கழற்றலாம் என்கிறார்களே, சூடாக்கினால் இரும்பு விரியுமே, ஸ்டட் இன்னும் இறுகாதா?

லேத் தாத்தா

நல்ல கேள்வி, தம்பி. ஸ்டட்டையும் ஹெட்டையும் சேர்த்துச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் ஹெட் அலுமினியம். ஒரு டிகிரிக்கு இரும்பு பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும், அலுமினியம் 23 பங்கு. அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு. 8 மில்லிமீட்டர் ஓட்டையை 100 டிகிரி சூடாக்கினால் ஸ்டட்டைவிட ஓட்டை கிட்டத்தட்ட 0.009 மில்லிமீட்டர் கூடுதலாகத் திறக்கும். ஒரு முடியின் கனத்தில் சின்னப் பங்குதான், ஆனால் மரை இடுக்கில் பிடித்துக்கொண்டிருப்பது துருப்பொடிதானே, அதன் பிடியைக் குலைக்க அது போதும்.

உங்கள் வீட்டுப் பக்கம் வெறும் துரு மட்டும் இல்லை. உப்பு ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும், அது மரை இடுக்கில் சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். அந்த ஸ்டட் வெளியே வரும்போது பாருங்கள், சுண்ணாம்பு தடவினது போல இருக்கும்.

நட்டு விஷயம் வேறே. அங்கே நட்டும் இரும்பு, ஸ்டட்டும் இரும்பு. அதனால் நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், ஸ்டட் சூடாவதற்குள் திருப்ப வேண்டும். சூட்டோடு நட்டின் ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஒற்றுங்கள், மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் கார்புரேட்டர் வண்டி, பெட்ரோல் ஹோஸ் பக்கத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம், அதைக் கழற்றி அடைத்து ஒதுக்கிவைத்த பிறகுதான். தெளித்த ஆயிலும் பற்றும், துடைத்துவிடுங்கள். தீயணைப்பு சிலிண்டர் இல்லாவிட்டால் நனைந்த சாக்காவது கையில் இருக்கட்டும்.

உருண்டையான நட்டை அரத்தால் ஆறு பக்கமும் ராவி 11-ஆம் நம்பர் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். ஆறு முனை சாக்கெட்டாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை ரிங் முனையை மேலும் தின்னும். அதுவும் வராவிட்டால் உளியால் நட்டையே பிளந்துவிடலாம். நட்டு சில்லறைக் காசு, ஸ்டட்தான் முக்கியம்.

ஜிபி ரோடு பழைய கை

ஒரு சின்ன விஷயம், நட்டின் அளவைப் பார்த்தீர்களா? ஜப்பான் வழக்கத்தில் 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 12 ஸ்பேனர். ஹார்ட்வேர் கடையில் வாங்குகிற 8 எம்எம் நட்டுக்கு 13. யாராவது முன்னால் மாற்றியிருந்தால் இரண்டும் கலந்திருக்கும்.

அம்பி ஓட்டுநர்

எங்கள் அம்பாசடர் பிரச்சினை இதைவிட மோசம். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பேனர் அழகாக உள்ளே போகும், அழுத்தினால் முனையை மழித்துக்கொண்டு சுற்றும். சென்னையில் பாதி அம்பாசடர் நட்டுகள் இப்படித்தான் உருண்டையாயின. சரி, தலைப்பை விட்டு விலகுகிறேன்.

உப்புக்காத்து

ஆறு நாள் முடிந்தது. நிலவரம் இது.

உருண்டையானது 13 நட்டுதான்! முன்பு ஏதோ பட்டறையில் மாற்றியிருக்கிறார்கள். 12-ஆம் நம்பர் அளவுக்கு ராவினேன், சாக்கெட்டைத் தட்டி இறக்கி, இறுக்கும் பக்கம் ஒரு தடவை, கழற்றும் பக்கம் ஒரு தடவை என்று போய் வந்து போய் வந்து, கால் மணி நேரத்தில் கழன்றுவிட்டது. துள்ளிக் குதித்தேன், அம்மா கதவைத் திறந்து பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்ததில் அவசரப்பட்டேன். உடைந்துவிட்டது. மேனிஃபோல்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் இதில் 8 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, முதலாவது மட்டமாகவே இருக்கிறது. இப்போது வண்டியை நகர்த்தவும் முடியாது.

லேத் தாத்தா

நீட்டிக்கொண்டிருப்பது வரமாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்குமே இனி வெல்டிங்தான். டிங்கரிங் பட்டறையில் வைத்திருக்கிற சிஓ2 வெல்டிங் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கேட், கிரில் செய்கிறவர் இன்வெர்ட்டர் மெஷினை வண்டியில் வைத்துக்கொண்டு வருவார், 2.5 ராடு போதும்.

நீட்டியதன் மேல் ஒரு 10 எம்எம் நட்டைப் போட்டு, நட்டின் ஓட்டைக்குள்ளே வெல்டு வைத்து நிரப்பச் சொல்லுங்கள். மட்டமாக உடைந்ததற்கு முதலில் ஒரு வாஷரைப் படுக்கவைத்து, அதன் ஓட்டை வழியாக ஸ்டட் மேல் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், பிறகு வாஷர் மேல் நட்டு. இரும்பு ராடு அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் சொட்டு ஓரத்தில் சிந்தினாலும் ஹெட்டில் பிடிக்காது என்பதுதான் இதில் நமக்குள்ள பெரிய வசதி. வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்யும்.

பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றிவிடுங்கள், ஆல்டர்னேட்டர் போய்விடப்போகிறது. எர்த் கிளாம்பை எஞ்சினிலேயே, ஸ்டட்டுக்குக் கிட்டே போடச் சொல்லுங்கள், பாடியில் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஓட்டைகளில் ஈரத்துணி அடையுங்கள், பொறி உள்ளே விழும். முடிந்ததும் துணியை எண்ணி எடுங்கள், சிரிக்காதீர்கள், மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீடு

ஈஸி அவுட் விஷயத்தில் வாயை விட்டதற்கு சாரி. வாஷர் ஐடியா எனக்கும் புதுசு.

உப்புக்காத்து

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. பாலவாக்கத்தில் கிரில் வேலை செய்யும் அண்ணன், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மெஷினைக் கட்டிக்கொண்டு வந்தார். கார் ஹெட்டில் வெல்டு வைக்க முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. தாத்தா எழுதியதைப் படித்துக் காட்டினேன், "அலுமினியத்தில் ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும் சார், ஒட்டினா என்னைச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ராடை எடுத்தார்.

நீட்டியது முதல் தடவையிலேயே வந்தது. சிவப்பு அடங்கும் வரை காத்திருந்து, மெழுகுவர்த்தியை ஓரத்தில் ஒற்றினேன், சுர் என்று புகைந்து உள்ளே போனது. ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினேன், மூன்றாவது ஆட்டத்தில் ஏதோ ஒன்று உள்ளே விட்டுக்கொடுத்தது, அப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்தேன்.

மட்டமாக உடைந்ததுதான் உயிரை வாங்கியது. முதல் நட்டு பிய்ந்து வந்தது. இரண்டாவதும் பிய்ந்து வந்தது. அண்ணன் "ஒவ்வொரு தடவையும் உள்ளே சூடு ஏறுது சார், விடக் கூடாது" என்று மூன்றாவது வைத்தார். அது ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம், அம்மா டீ கொடுத்தார், குடித்துவிட்டுத் திருப்பினோம், வந்துவிட்டது. தாத்தா சொன்னது அப்படியே, மரை முழுக்க வெள்ளைப் பொடி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. ஸ்டட்டைக் கழுவாமல் மேசை மேல் வைத்திருக்கிறேன். அவர் 400 ரூபாய் கேட்டார், 500 கொடுத்தேன்.

இனி மாட்டுவதற்கு என்ன போடுவது?

லேத் தாத்தா

சபாஷ். 8 எம்எம், 1.25 மரை டேப்பைக் கையால், மண்ணெண்ணெய் விட்டு ஓட்டுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அலுமினிய மரை, டேப் கோணலாகப் போனால் போனதுதான். மரை நன்றாக இருந்தால் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக இறக்கும் கம்பிச் சுருள்) தேவைப்படாது.

ஐந்து ஸ்டட்டையும் புதிதாக மாற்றுங்கள், பழையதில் மூன்றைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? ஹெட்டுக்குள் போகும் பக்கத்துக்கு காப்பர் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) லேசாகத் தடவுங்கள். நட்டு பித்தளையில் வாங்குங்கள், இரும்போடு சேர்ந்து துருப்பிடிக்காது. மாட்டுவதற்கு முன் மேனிஃபோல்டின் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள், தடவின மரை சுலபமாக ஓடும், அதனால் வழக்கமான பலத்தைப் போடாதீர்கள். நாலு நாள் ஓட்டிவிட்டு, குளிர்ந்த பிறகு ஒரு தடவை சரிபாருங்கள்.

உப்புக்காத்து

எல்லாம் மாட்டியாயிற்று. பித்தளை நட்டு ஜிபி ரோட்டில் இரண்டாவது கடையிலேயே கிடைத்தது. துணிகளை எண்ணி எடுத்தேன், மூன்று. இன்று காலை குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்தேன், டிக் டிக் இல்லை. அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டு ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "அது போயிடுச்சு, இப்போ டேப்பெட் சத்தம் கேக்குது பார்" என்றார். உண்மையிலேயே கேட்கிறது. இரண்டு தடவை நான் வைத்த கிளியரன்ஸ் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறக்கிறேன்.

ஜிபி ரோடு பழைய கை

டேப்பெட் கவர் போல்ட்டுகள் இன்னும் சின்னவை, தம்பி. ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்துத் திருப்புங்கள்.