முதல் தடவை ஒரு சின்னச் சபைக்குப் போகிறேன், அங்கே என்னென்ன நடக்கும்?

வடவள்ளி வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் முருக பக்தர்கள், மருதமலைக்கு மாதம் ஒரு முறையாவது போய்விடுவோம். போன ஆடியில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது எதிர்வீட்டு அக்கா பதினோரு நாள் விடாமல் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தார், இரண்டு இரவு அம்மாவுக்குத் துணையாகவும் படுத்துக்கொண்டார். அந்த நாட்களில் ஒரு வார்த்தைகூட மதம் பற்றிப் பேசியதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக, "ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு ஒரு நாள் வாயேன் கண்ணு, அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றார். போவது என்று முடிவு செய்துவிட்டேன், அதனால் போகலாமா கூடாதா என்ற பேச்சு இங்கே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது பெரிய சர்ச்சுக்குள் போயிருக்கிறேன், ஆனால் இது ஒரு கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது, நாற்பது பேர்தான் வருவார்களாம், அவ்வளவு சின்ன இடத்தில் புதிதாக ஒருத்தி நுழைந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருக்கிறது. பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா? காணிக்கை எவ்வளவு போட வேண்டும்? மண்டியிடச் சொல்வார்களா? ஏழு வயதுப் பையன் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்? அப்பம், திராட்சைரசம் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டுமா? அக்காவிடமே கேட்கலாம், ஆனால் இவ்வளவு கேட்டால் எனக்கு இஷ்டம் இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

நெல்லை மண்:

சகோதரி, நான் இருபது வருடமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவன், எங்கள் சபையும் மாடியில்தான், அறுபது பேர் வருவோம். உங்கள் அக்கா போவதும் பெந்தெகொஸ்தே சபையாக இருந்தால், முதலில் சத்தத்துக்குத் தயாராக இருங்கள். கீபோர்டு, டிரம்ஸ், கைத்தட்டல் எல்லாம் அந்தச் சின்ன ஹாலுக்குள்ளேயே. பாட்டும் துதியும் மட்டும் ஒரு மணி நேரம் ஓடும், நடுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் உங்களுக்குப் புரியாத சொற்களில் பேசுவார்கள். அதை அந்நியபாஷை என்போம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது பயமாக இருக்கும், என் மனைவியே கல்யாணமான புதிதில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் உங்களை அப்படிச் செய்யச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் சாட்சி நேரம். ஆளாளுக்கு எழுந்து அந்த வாரம் தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள், மகனுக்கு வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது என்று. எனக்கு ஆராதனையிலேயே மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் பிரசங்கம் எந்த ஊரிலும் கேட்கலாம், பக்கத்துத் தெருவில் பூ விற்கிற அம்மாவின் வாரம் எப்படிப் போனது என்பதை அங்கேதான் கேட்க முடியும். பிறகு காணிக்கை, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் செய்தி, அதாவது பிரசங்கம், கடைசியில் ஜெபம். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் முடியப் பன்னிரண்டரை ஆகும். பையனுக்குத் தண்ணீரும் தின்ன ஏதாவதும் கொண்டுபோங்கள், பெரும்பாலான சபைகளில் பிள்ளைகளுக்குத் தனியாகச் சண்டே ஸ்கூல் இருக்கும்.

ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி வரவேற்பார்கள், பெயரும் போன் நம்பரும் எழுதக் காகிதம் தருவார்கள். நம்பர் கொடுக்க விருப்பமில்லையென்றால் பெயர் மட்டும் எழுதிக் கொடுங்கள். முடிகிற நேரத்தில் ஜெபம் வேண்டுகிறவர்கள் முன்னால் வாங்க என்று கூப்பிடுவார்கள், போகாமல் இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பொட்டோடு போங்கள். எங்கள் சபையில் நகையும் பூவும் போடாத பெண்கள்தான் அதிகம், அது அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்ட தீர்மானம், விருந்தாளிக்கு அந்தச் சட்டம் கிடையாது.

மதுரை மாப்பிள்ளை:

நான் இந்து, மனைவி கிறிஸ்தவர், ஆறு வருடமாக அவளோடு போய் வருகிறேன், இன்னும் இந்துதான். மேலே அண்ணன் சொன்னது அவர்கள் சபைக்குச் சரியாக இருக்கும், எல்லா இடமும் அப்படி இல்லை. நாங்கள் வேறு ஊரில் இருந்தபோது போன ஒரு சபையில் இரண்டாவது வாரமே என் தலையில் கையை வைத்து அழுத்தி, நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தைவிட என் மனைவி பட்ட வேதனைதான் அதிகம், அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. இப்போது போகும் இடத்தில் பாஸ்டர் ஐயா என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், கிரிக்கெட் பேசுவார், நானாகக் கேட்டால் மட்டும் வேதம் பேசுவார். அதனால் யாராவது வற்புறுத்தினால் "வேண்டாங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அதே சமயம் ஒன்றையும் தெரிந்து போங்கள், இந்தச் சபைகளில் எல்லாரும் இயேசுவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் மனதார நம்புவது, அதைச் செய்தியில் கட்டாயம் சொல்வார்கள். காது கொடுத்துக் கேளுங்கள், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

காணிக்கைப் பை வந்தால் அடுத்தவருக்கு நகர்த்திவிடுங்கள் போதும். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அது சபையாருக்கு.

வடவள்ளி வாசகி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மனசு கேட்காமல் நேற்று அக்காவிடமே பேசிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க சபைல பாஸ்டரே கிடையாது, டிரம்ஸும் கிடையாது, வாரா வாரம் அப்பம் பிட்கிறோம், நீ பின்னாடி உக்காந்து பார்த்தா போதும்" என்றார். போர்டில் 'கிறிஸ்தவ விசுவாசிகள் கூடும் இடம்' என்று மட்டும்தான் இருக்கிறது. பாஸ்டர் இல்லாமல் எப்படி நடக்கும்?

கடைசி வரிசை:

அது பிரதரன் சபை சகோதரி, நான் பிறந்து வளர்ந்ததே அதில்தான், கோயம்புத்தூரில் நிறைய இருக்கின்றன. ஊழியத்துக்கென்று குருப்பட்டம் பெற்ற ஒருவர் இல்லாமலே விசுவாசிகள் கூடி அப்பம் பிட்கலாம், அதாவது இயேசுவின் மரணத்தை நினைத்து ரொட்டியைப் பகிர்ந்து உண்ணலாம் என்று வாதாடியவர்களில் ஒருவர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தில் பல் வைத்தியராக இருந்தவர், 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு பழகிய நம் தமிழ்நாட்டுக்காரர் அருளப்பன் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் இருந்துகொண்டு அதே முறையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். எங்கள் சபைகளில் சபையைக் கவனித்துக்கொள்ளும் மூப்பர்கள் உண்டு, சம்பளம் வாங்கும் போதகர் பெரும்பாலும் இல்லை.

உள்ளே போனதும் ஒரு மேசை தெரியும், அதன்மேல் ஒரு ரொட்டியும் ஒரு கிண்ணமும் வெள்ளைத் துணியால் மூடியிருக்கும். சிலுவை, படம், மெழுகுவர்த்தி எதுவும் இருக்காது. யாரும் வரவேற்புரை சொல்லி ஆரம்பிக்க மாட்டார்கள். ஒரு சகோதரர் பாட்டு நம்பரைச் சொல்வார், எல்லாரும் வாத்தியம் இல்லாமல் மெதுவாகப் பாடுவார்கள். முடிந்ததும் அமைதி. சில நேரம் இரண்டு மூன்று நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அந்த அமைதிக்காகவே நான் போகிறேன். பிறகு வேறொருவர் எழுந்து ஜெபிப்பார், இன்னொருவர் வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பார், எல்லாம் இயேசுவின் மரணத்தைச் சுற்றியே இருக்கும், தங்கள் தேவைகளைக் கேட்கிற ஜெபம் அந்த நேரத்தில் வராது. யார் எழுந்திருப்பார்கள் என்று முன்கூட்டி யாரும் எழுதி வைப்பதில்லை. ஒருநாள் பெயிண்டர் வேலை பார்க்கிறவர் நன்றி சொல்லி அப்பத்தைப் பிட்பார், அடுத்த வாரம் அதைச் செய்கிறவர் வங்கி மேலாளராக இருப்பார்.

பிறகு ரொட்டியும் கிண்ணமும் வரிசையாகக் கைமாறி வரும். இதில் மட்டும் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். விசுவாசித்து, வளர்ந்த பிறகு தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்று, அந்த ஐக்கியத்தில் சேர்ந்தவர்கள் மட்டும்தான் எடுப்பார்கள். வேறு ஊர் பிரதரன் சபையிலிருந்து வருகிறவர்கள்கூட சிபாரிசுக் கடிதம் கொண்டுவருவார்கள், அதைச் சபையில் வாசிப்பார்கள். அதனால் பின்வரிசையில் உட்காரச் சொன்னால் ஒதுக்குகிறார்கள் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள், என் சொந்தத் தம்பி பல வருடம் அந்த வரிசையில்தான் உட்கார்ந்தான். காணிக்கைப் பையும் பெரும்பாலும் உங்கள் வரிசைக்கு வராது.

பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள், 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை வைத்து அப்படிச் செய்கிறார்கள். சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ நீங்களும் போட்டுக்கொண்டால் அக்காவுக்குச் சந்தோஷம், போடாவிட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுவதில்லை, இதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், என் மகள் என்னிடம் கேட்கிற கடினமான கேள்விகளில் இதுவும் ஒன்று.

வேதம் பழைய தமிழில் இருக்கும், "ஆதியாகமம்" என்று சொன்னால் முதல் புத்தகம், "வெளிப்படுத்தின விசேஷம்" என்றால் கடைசி. நடுவில் உள்ளதைத் தேடித் திணறினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துத் தருவார். முழங்கால்போட்டு ஜெபிக்கிற நேரத்தில் அம்மா நாற்காலியிலேயே இருக்கட்டும், அறுவை சிகிச்சை ஆனவர்.

வடவள்ளி வாசகி:

நேற்று போய்வந்தோம். அந்த அமைதி வந்தபோது பையன் "முடிஞ்சிருச்சாம்மா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான், முன்னால் இருந்த பெரியவர் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். பொட்டை யாரும் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு வாசித்தது பாதி புரியவில்லை. முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, "நீங்கதானா அந்த அம்மா, இப்ப வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். அந்தப் பதினோரு நாளும் அக்கா கொண்டுவந்த சோற்றில் பாதி அவர்கள் வீடுகளில் முறைபோட்டுச் சமைத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பொங்கலுக்கு அவர்கள் எல்லாருக்கும் நான் சமைக்கப் போகிறேன், நாற்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் அரிசி எத்தனை கிலோ வேண்டும்? சாமிக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால் படைப்பதற்கு முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்துக் கொடுத்தால் சரியாக இருக்குமா?

கடைசி வரிசை:

சரியாக இருக்கும் சகோதரி. எடுத்துவைத்ததை அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மற்றவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். அரிசி மூன்று கிலோ போட்டால் தாராளமாக வரும்.