சலம் அடைச்சது, காலைப் பாத்தினம்: புரொஸ்டேட் சீழ்க்கட்டி அனுபவங்கள்

தென்மராட்சியான்:
குளிரும் நடுக்கமும், சலம் சொட்டுச் சொட்டாய். ஐயாவை வாட்டிலை விட்டு ஒரு கிழமை, சலத்திலை வழக்கமாய் வாற ஈ.கோலைக் கிருமி எண்டு நினைச்சு மருந்து ஏத்தியும் காய்ச்சல் இறங்கேல்லை. சி.ரி. ஸ்கானிலை புரொஸ்டேட்டுக்குள்ளை, அதுதான் சலப்பைக்குக் கீழை ஆம்பிளையளுக்கு இருக்கிற சுரப்பிக்குள்ளை, சீழ். அண்டைக்கு ஒரு டொக்டர் பிள்ளை வந்து போர்வையை விலக்கி ஐயாவின்ரை குதிக்கால் வெடிப்பைப் பாத்தா. "ஐயா, மாரிக்கு வெறுங்காலோடையோ வயலுக்கை இறங்கிறனீங்கள்?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "சலம் போகாத மனுசன்ரை காலை ஏன் பாக்கிறியள்?" எண்டு கத்திப்போட்டன். இரத்தத்திலை கிருமி வளத்துப் பாக்கிற கல்ச்சரிலை மெலியோயிடோசிஸ் எண்டு வந்தது, மண்ணிலை கிடக்கிற கிருமி வெடிப்பு, காயத்தாலை ஏறி வாற வருத்தம். மன்னிப்புக் கேப்பமெண்டு போக, பிள்ளை மாற்றலாகிப் போட்டா.

கடைக்காரன்:
நான் வயலை பஸ்ஸிலை போகேக்கைதான் பாக்கிறது. சீனி வருத்தம் 12 வருசம். எனக்கு வந்தது க்ளெப்சியெல்லா எண்ட வேறை கிருமி. கதிரையிலை குந்தினால் தேங்காய்க்கு மேலை இருக்கிற மாதிரி, ஒரு கிழமை நிண்டபடி வியாபாரம். பின்வழியாலை ஊசி விட்டு உறிஞ்சின பிறகுதான் இருந்தன்.

வடலி:
வயல்தான் காரணமெண்டால் எங்கடை ஊரிலை ஒரு ஆம்பிளை மிஞ்சான். என்ரை மாமாவுக்கும் இப்பிடித்தான் ஏதோ பேர் சொல்லிச்சினம். முதல் கசம் (ரி.பி.) எண்டு குளிசை குடுத்தவை.

கல்ச்சர்தட்டு:
வடலி, கசம் மாதிரிக் காட்டுறதே இதின்ரை குணம். கிருமி மண்ணிலையும் தண்ணியிலையும் கிடக்கு, எல்லாரையும் விழுத்தாது. சீனி, கிட்னி வருத்தம், குடி இருக்கிற ஆக்களைத்தான் கூடப் பிடிக்கும். 1912இலை விற்மோர் எண்ட டொக்டர் ரங்கூனிலை எழுதி வைச்ச வருத்தம், புதிசில்லை. ஆய்வுகூடத்திலை இருந்தவன் சொல்லுறன்: 'சூடோமோனாஸ் எண்ட சாதாரணக் கிருமி, வெளியாலை ஒட்டினது' எண்டு கிருமி வளத்த தட்டை எறிஞ்சுபோடுவினம், அங்கைதான் பிழைக்கும். ஜென்டாமைசின் எண்ட கிருமிகொல்லி மருந்துக்கு இது பெரும்பாலும் கேளாது. செஃப்டசிடிம் இல்லாட்டி மெரோபெனம் மருந்தை நரம்பாலை ஏத்தவேணும், புரொஸ்டேட் எண்டால் 4 கிழமை வரைக்கும் இழுக்கும். பெரிய கட்டியை வடிக்கவும் வேணும். பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை குறைஞ்சது 3 மாதம். சுகமெண்டு இடையிலை விட்டால் திரும்பி வரும். வடக்கு அவுஸ்திரேலியாவிலை இது வந்த ஆம்பிளையளிலை ஏறக்குறைய 5 பேரிலை ஒராளுக்குப் புரொஸ்டேட்டிலை சீழ், அதாலை நோகாட்டிலும் ஸ்கான் பண்ணுவினம். வயலுக்கு றப்பர் சப்பாத்து, காயத்துக்குக் கட்டு. சீனியை...

தென்மராட்சியான்:
அண்ணை, சப்பாத்து வாங்கிக் குடுத்தன். நாலடி வைச்சார், சேத்துக்கை சப்பாத்து நிண்டிட்டுது, கால் மட்டும் வந்தது. குளிசை இப்ப ரெண்டாம் மாதம்.